ஆஃப்-ரோடு டிரக்குகளில் மட் ஃபிளாப்: நன்மைகளும் குறைகளும்

மட் ஃபிளாப் என்பது வாகனச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடப்படும், வளையும் தன்மையுள்ள தகடு ஆகும். சக்கரம் சுழலும்போது டயர் வாரி எறியும் சேறு, நீர், மணல், சரளைக்கல் ஆகியவற்றைத் தடுத்துத் தரையில் விழச்செய்வதே இதன் வேலை. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் சரக்கு லாரிக்கு இது தேவையா என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. ஆனால் மலைத்தடம், பாலைவனம், ஆற்றுப்படுகை, காட்டுப்பாதை போன்ற இடங்களில் ஓட்டுவதற்காக வாங்கப்படும் ஃபோர் வீல் டிரைவ் டிரக்குகளில் இதைப் பொருத்துவதா, கழற்றி வைப்பதா என்பது நெடுநாளாக நடந்துவரும் விவாதம். மட் ஃபிளாப் இல்லாவிட்டால் பெயிண்டும் கண்ணாடியும் போய்விடும் என்பார்கள் ஒரு சாரார். அதைப் போட்டால் முதல் பாறையிலேயே அதுவும் போய் மட்கார்டும் போய்விடும் என்பார்கள் மறு சாரார். இரண்டும் உண்மையே. எந்த உண்மை எந்தப் பாதைக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் அமைப்பும்

தமிழில் இதைச் சேற்று மடல், சேறு தடுப்பு மடல் என்று எழுதலாம். பேச்சு வழக்கில் மட் ஃபிளாப் என்ற சொல்லே நிலைத்துவிட்டது. இதை மட்கார்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. மட்கார்டு சக்கரத்தின் மேற்பகுதியை வளைவாக மூடும் உறுதியான பாகம். மட் ஃபிளாப் அந்த வளைவு முடியும் இடத்திலிருந்து தரையை நோக்கித் தொங்கும் நீட்சி.

சக்கரம் எறியும் சேற்றைத் தடுக்கும் தேவை மோட்டார் வாகனங்களுக்கு முந்தையது. இன்று காரில் ஓட்டுநருக்கு முன்னால் உள்ள கருவிப் பலகையை டாஷ்போர்டு என்கிறோம். அந்தப் பெயர் குதிரை வண்டியிலிருந்து வந்தது. குதிரைகளின் குளம்புகள் எறியும் சேறு வண்டியில் இருப்பவர்கள் மேல் படாமல் இருக்க முன்பக்கம் வைத்த பலகைதான் முதல் டாஷ்போர்டு.

ஒரு மட் ஃபிளாப்பில் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது தொங்கும் தகடு. இரண்டாவது அதை மட்கார்டிலோ சேசிஸிலோ பிடித்துவைக்கும் பிடிமானமும் போல்ட்டுகளும். மூன்றாவது, சில வகைகளில் மட்டும் காணப்படும், கீழ்விளிம்பில் பொருத்தும் உலோகப் பட்டை. காற்றின் வேகத்தில் தகடு பின்னோக்கிப் பறக்காமல் இருக்க இந்த எடை உதவுகிறது. நகரப் பயன்பாட்டுக் கார்களில் வரும் சிறிய வார்ப்புப் பிளாஸ்டிக் துண்டுகளும், கனரக லாரிகளின் அகன்ற ரப்பர் தகடுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆஃப்-ரோடு டிரக்குக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

கல் எப்படிப் பறக்கிறது

மட் ஃபிளாப்பின் நன்மை, குறை இரண்டையும் புரிந்துகொள்ள, டயரிலிருந்து கல் எப்படிக் கிளம்புகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. சக்கரத்தின் உச்சிப் புள்ளியோ வாகனத்தைப் போல இருமடங்கு வேகத்தில் முன்னே செல்கிறது. டயரின் பின்பக்கம் தரையிலிருந்து மேல்நோக்கி எழுகிறது. டயர் பட்டன்களுக்கு இடையே சிக்கிய கல், தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் விடுபட்டால், டயரின் தொடுகோட்டுத் திசையில் பாய்கிறது. ஓட்டுநரின் பார்வையில் அது பின்னோக்கியும் மேல்நோக்கியும் செல்கிறது. சாலையோரம் நிற்பவரின் பார்வையில் அது ஏறக்குறைய நேராக மேலே எழுந்து, சற்றே முன்னோக்கி நகர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. டிரக் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்கிறது. கல் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைக் கோணத்தில் விடுபடுகிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தக் கல் சுமார் 6 மீட்டர் உயரம் வரை எழும். அதே கல் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சுமார் ஒன்றரை மீட்டர் மட்டுமே எழும். வேகம் பாதியானால் உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. பின்னால் வரும் வாகனத்தின் கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் கல்லின் வேகம் அன்று. அந்த வாகனத்தின் வேகமே. மேலே சொன்ன கல் தரையைப் பொறுத்து முன்னோக்கி மணிக்கு 11 கி.மீ. அளவில்தான் நகர்கிறது. அதாவது அது ஏறக்குறைய அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் 80 கி.மீ. வேகத்தில் வருபவர் அதன்மீது போய் மோதுகிறார். மோதும் வேகம் மணிக்குச் சுமார் 69 கி.மீ. எதிரே அதே வேகத்தில் வருபவர் என்றால் மோதும் வேகம் மணிக்குச் சுமார் 91 கி.மீ. ஆகிவிடுகிறது. சரளைச் சாலையில் எதிரே வண்டி வரும்போது இருவருமே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

மட் ஃபிளாப் எவ்வளவு தடுக்கிறது

தகடு எவ்வளவு தாழத் தொங்குகிறதோ அவ்வளவு அதிகமாகத் தடுக்கும். இதை எளிய வடிவியலால் கணக்கிடலாம். 80 செ.மீ. விட்டமுள்ள ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். டயரின் பின்விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளித் தகடு தொங்குகிறது எனக் கொள்வோம்.

தகட்டின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தால், சுமார் 52 பாகைக்கு மேல் எழும் கற்கள் மட்டுமே தடுக்கப்படும்.

கீழ்விளிம்பு 25 செ.மீ. உயரத்தில் இருந்தால், சுமார் 30 பாகைக்கு மேல் எழுபவை தடுக்கப்படும்.

கீழ்விளிம்பு 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், சுமார் 23 பாகைக்கு மேல் எழுபவை தடுக்கப்படும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, எந்த மட் ஃபிளாப்பும் எல்லாக் கற்களையும் தடுப்பதில்லை. தகட்டுக்கு அடியில் நுழைந்து செல்லும் கல் எப்போதும் உண்டு. இரண்டு, தடுக்கும் திறனைக் கூட்ட வேண்டுமானால் தகட்டைத் தாழ்த்தியாக வேண்டும். ஆஃப்-ரோடு டிரக்கை வாங்கியவரோ தரைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கூட்டுவதற்காகவே உயர்ந்த சஸ்பென்ஷனுக்கும் பெரிய டயருக்கும் பணம் செலவழித்தவர். ஒரு கையால் உயர்த்தியதை மறு கையால் தாழ்த்துவது போன்றது இது. மட் ஃபிளாப் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு முரணிலிருந்து கிளைப்பதே.

நன்மைகள்

வண்டியின் உடலுக்குப் பாதுகாப்பு. முன்சக்கரங்கள் எறியும் கற்கள் கதவுக்குக் கீழுள்ள பக்கத் தகட்டையும் பின் மட்கார்டின் முன்விளிம்பையும் இடைவிடாமல் தாக்குகின்றன. நாளடைவில் அவ்விடங்களில் பெயிண்ட் பொரிந்து, உலோகம் வெளிப்பட்டு, துரு பிடிக்கத் தொடங்கும். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அகன்ற டயர்களைப் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். டயரின் நீட்டிய பகுதியை மூட மேலே ஒன்றும் இல்லாததால் சேறு கதவு, கைப்பிடி, பக்கக் கண்ணாடி வரை தெறிக்கும்.

அடிப்பகுதிக்குப் பாதுகாப்பு. பிரேக் குழாய்கள், மின்கம்பிகள், எரிபொருள் தொட்டி, பின் ஷாக் அப்சார்பர்கள் ஆகியவை சக்கரங்களுக்குப் பின்னால் வெளிப்படையாக உள்ளன. ஷாக் அப்சார்பரின் மெருகேற்றிய தண்டில் ஒரு கல் பள்ளம் விழுந்தால், தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளம் எண்ணெய் சீலைக் கிழிக்கும். பெயிண்ட் போவது அழகுக்குக் கேடு. பிரேக் குழாய் போவது உயிருக்கே கேடு.

பின்னால் வருபவர்களுக்குப் பாதுகாப்பு. ஆஃப்-ரோடு பயணங்கள் பெரும்பாலும் வரிசையாக நடப்பவை. முன்னால் போகும் வண்டி எறியும் சேறும் கல்லும் அடுத்த வண்டியின் முன் கண்ணாடி, விளக்குகள், ரேடியேட்டர் ஆகியவற்றைத் தாக்கும். சேற்றில் சிக்கிய வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுபவர்களின் நிலை இன்னும் மோசம். அப்போது வண்டி நகராது. ஆனால் சக்கரம் வேகமாகச் சுழலும். சேற்றோடு கல்லும் தள்ளுபவரின் முகத்தை நோக்கி வரும்.

இழுத்துச் செல்லும் டிரெய்லருக்குப் பாதுகாப்பு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் ஓடும், சுமார் 660 கி.மீ. நீளமுள்ள கிப் ரிவர் சாலை போன்ற மண் சாலைகளில் கேரவனையோ டிரெய்லரையோ இழுத்துச் செல்பவர்கள் ஒரு விசித்திரமான சேதத்தைச் சந்திக்கிறார்கள். டிரக்கின் பின்சக்கரம் எறிந்த கல், டிரெய்லரின் முன்முகத்தில் பட்டு எகிறித் திரும்பி வந்து, டிரக்கின் பின் கண்ணாடியையே உடைக்கிறது. கல்லை எறிந்த வண்டியே அதன் அடியையும் வாங்கிக்கொள்கிறது. பின் மட் ஃபிளாப்புகளும், டிரெய்லரின் முன்புறம் கட்டும் கல் தடுப்புத் திரையும் சேர்ந்தே இதைக் குறைக்கின்றன.

பார்வைத் தெளிவு. பின்விளக்குகள், எண் தகடு, பின்பக்க கேமரா ஆகியவற்றில் சேறு படிவது குறையும். பிரேக் விளக்கு தெரியாத வண்டி புழுதியிலும் மழையிலும் பின்னால் வருபவருக்கு ஆபத்தானது.

குறைகள்

பின்னோக்கி ஓட்டும்போது கிழிந்துபோதல். இதுவே மிகப் பெரிய குறை. முன்னோக்கிச் செல்லும்போது டயரின் பின்பக்கம் மேல்நோக்கி எழுகிறது. தகடு பாறையில் உரசினாலும் பெரும்பாலும் மடங்கிக்கொண்டு தப்பிவிடும். பின்னோக்கிச் செல்லும்போது டயரின் பின்பக்கம் கீழ்நோக்கி இறங்குகிறது. தகடு பாறைக்கும் டயருக்கும் நடுவே சிக்கினால், டயர் அதைக் கீழே இழுத்துத் தன் அடியில் போட்டு மிதிக்கும். ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டி தன் மட் ஃபிளாப்பைத் தானே பிடித்து இழுக்கும் நிலை அது. தகடு மட்டும் கிழிந்தால் அது நல்வாய்ப்பு. தகடு உறுதியாகவும் போல்ட் வலுவாகவும் இருந்தால், அதைப் பிடித்திருக்கும் மட்கார்டின் விளிம்பு வளையும். உள்புறப் பிளாஸ்டிக் உறை பிய்ந்து வரும். மலிவான தகட்டைக் காப்பாற்றும் உறுதியான போல்ட், விலையுயர்ந்த மட்கார்டைக் காவு கொடுத்துவிடுகிறது.

ஏறும், இறங்கும் கோணம் குறைதல். செங்குத்தான மேட்டில் இறங்கும்போது பின் மட் ஃபிளாப்புகள் முதலில் தரையில் படுகின்றன. முன்சக்கரத்தின் பின்னால் உள்ளவை பாறைத் திட்டுகளைத் தாண்டும்போது சிக்குகின்றன. மென்மையான ரப்பர் என்றால் வளைந்துகொடுக்கும். கடினமான வார்ப்புப் பிளாஸ்டிக் என்றால் உடையும்.

சேறும் பனியும் அடைத்துக்கொள்ளுதல். களிமண் நிலத்தில் டயருக்கும் தகட்டுக்கும் இடையே சேறு திணிந்து இறுகிவிடும். அது டயரை உரசும். பட்டன்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்வதைத் தடுக்கும். வண்டியின் எடையையும் கூட்டும். பனிப்பிரதேசத்தில் அதே இடத்தில் பனி உறைந்து கட்டியாகி, ஸ்டீயரிங்கை முழுதும் திருப்ப முடியாதபடி செய்யக்கூடும்.

பெரிய டயருடன் உரசுதல். தொழிற்சாலையில் பொருத்திய மட் ஃபிளாப் தொழிற்சாலை டயருக்காக அளந்து செய்யப்பட்டது. பெரிய டயர் மாட்டியதும் முன்சக்கரத்தை முழுதும் ஒடிக்கும்போது டயர் தகட்டில் உரசும். பலர் மட் ஃபிளாப்பைக் கழற்றுவதற்கு இதுவே முதல் காரணம்.

துரு. பாதுகாக்கப் பொருத்தியதே துருவுக்கு இடம் தருவதும் உண்டு. மட்கார்டில் துளையிட்டால் அவ்விடத்தில் பெயிண்ட் போய் உலோகம் வெளிப்படும். தகட்டுக்கும் உடலுக்கும் இடையே தங்கும் ஈரச்சேறு நாள்கணக்கில் காயாமல் இருக்கும். காற்றில் ஆடும் தகட்டின் மேல்விளிம்பு, இடையில் சிக்கிய மணலோடு சேர்ந்து பெயிண்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

காற்றுத் தடை, ஓசை, எடை. அகன்ற தகடுகள் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைத் தடுக்கின்றன. ஒரு பிக்கப் டிரக்கில் இதன் விளைவு சிறியதே. படபடவென அடிக்கும் ஓசை சிலருக்குத் தொல்லையாக இருக்கும்.

மண்ணோடு நோயைக் கொண்டு செல்லுதல். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபைட்டோப்தோரா சின்னமோமி என்ற மண்வழி நோய்க்கிருமி காட்டுத் தாவரங்களை வேரோடு அழித்துவருகிறது. டயரிலும் வண்டியின் அடியிலும் ஒட்டிய மண் அதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லக்கூடியது. மட் ஃபிளாப்பின் பின்னால் திணிந்த சேறு எளிதில் கண்ணில் படாது. அத்தகைய பகுதிகளில் வண்டியைக் கழுவுபவர்கள் அந்த இடுக்கையும் கழுவ வேண்டும்.

இரண்டு தடங்கள், இரண்டு விடைகள்

அமெரிக்காவில் உள்ள இரண்டு புகழ்பெற்ற தடங்களை ஒப்பிட்டால் இந்த நன்மை தீமைகள் எப்படி இடம் மாறுகின்றன என்பது விளங்கும்.

அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை, டிரான்ஸ்-அலாஸ்கா எண்ணெய்க் குழாய் அமைக்கும் பணிக்காக 1974-இல் போடப்பட்டது. ஃபேர்பேங்ஸ் நகருக்கு வடக்கே தொடங்கி, ஆர்க்டிக் கடலோரம் புரூடோ பே எண்ணெய் வயலை ஒட்டிய டெட்ஹார்ஸ் வரை 666 கி.மீ. செல்கிறது. இதன் பெரும்பகுதி சரளை. அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 50 மைல், அதாவது சுமார் 80 கி.மீ. எண்ணெய் வயலுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கனரக லாரிகள் எதிரும் புதிருமாக ஓடுகின்றன. முன் கண்ணாடியில் கல் படுவது இங்கே வழக்கமான நிகழ்வு. புழுதி எழாமல் இருக்கச் சாலையில் கால்சியம் குளோரைடு இடுவதுண்டு. அது கலந்த சேறு உலோகத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். இங்கே வேகமும் உண்டு, கல்லும் உண்டு, எதிரே வரும் வண்டியும் உண்டு, அரிக்கும் சேறும் உண்டு. டிரக் ஏறி இறங்க வேண்டிய பாறைகளோ சாலையில் இல்லை. மட் ஃபிளாப்பின் எல்லா நன்மைகளும் இங்கே ஒன்றுசேர்கின்றன. பெரிய குறைகள் தலைகாட்டுவதில்லை.

கலிபோர்னியாவின் ரூபிகான் தடம் இதற்கு நேர்மாறானது. சியரா நெவாடா மலைத்தொடரில் தாஹோ ஏரிக்கு மேற்கே, சுமார் 35 கி.மீ. நீளமுள்ள இந்தத் தடம் பெரும் பாறைகளால் ஆனது. 2003-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஜீப் ரேங்லர் ரூபிகான் இதன் பெயரையே தாங்கியது. இங்கே மனிதன் நடக்கும் வேகத்தில்தான் வண்டி நகரும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் உருளும் டயர் எறியும் கல், எந்தக் கோணத்தில் விடுபட்டாலும் விடுபட்ட இடத்திலிருந்து சுமார் 10 செ.மீ.க்கு மேல் எழ முடியாது. அதாவது ஒரு சாணில் பாதி. தடுக்க வேண்டிய கல்லே இல்லாத இடத்தில் மட் ஃபிளாப்புக்கு வேலை இல்லை. அதே நேரம் ஒவ்வொரு பாறையிலும் முன்னும் பின்னும் நகர்த்தி வழி தேட வேண்டியிருப்பதால் அது கிழிவதற்கான வாய்ப்பு மிக அதிகம். கிழிந்த துண்டுகள் தடத்தில் குப்பையாகவும் கிடக்கும்.

ஆகவே "ஆஃப்-ரோடு" என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டு பயணங்களையும் குறிப்பதே குழப்பத்தின் வேர். மட் ஃபிளாப் வேண்டுமா என்ற கேள்விக்கு வண்டியின் பெயரைப் பார்த்து விடை சொல்ல முடியாது. பாதையையும் வேகத்தையும் பார்த்தே சொல்ல வேண்டும்.

பொருள்கள்

துணி இழை சேர்த்த ரப்பர் கனமானது, நன்றாக வளையும், மலிவானது. கிழிந்தாலும் எளிதில் புதிதாக வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். வெயிலில் நாளடைவில் வெடிக்கும்.

பாலியூரித்தேன் எடை குறைந்தது, கிழிவதைத் தாங்கும், மடங்கியபின் பழைய வடிவத்துக்குத் திரும்பும். சரளைப் பாதையில் ஓடும் ராலி பந்தயக் கார்களில் அகன்ற பாலியூரித்தேன் தகடுகளைப் பரவலாகக் காணலாம். விலை சற்று அதிகம்.

வார்ப்புப் பிளாஸ்டிக் வண்டியின் வளைவுக்கு ஏற்பப் பொருந்தும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வளையாமல் உடையும். அளவிலும் சிறியது.

கடுங்குளிர் இந்தத் தேர்வை மாற்றிவிடும். அமெரிக்காவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 62 பாகை செல்சியஸ், 1971 ஜனவரி 23 அன்று அலாஸ்காவின் பிராஸ்பெக்ட் கிரீக் முகாமில் அளவிடப்பட்டது. பின்னாளில் டால்டன் நெடுஞ்சாலை அந்த இடத்தை ஒட்டியே சென்றது. அத்தகைய குளிரில் பிளாஸ்டிக்கும் சாதாரண ரப்பரும் வளையும் தன்மையை இழந்து, ஓர் உதையில் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்காவில் மட் ஃபிளாப்புக்கு நாடு தழுவிய ஒரே விதி இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. டெக்சாஸ் மாநிலச் சட்டம், கடைசி அச்சில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட டயர்கள் உள்ள டிரக்குகளுக்கு மட் ஃபிளாப்பைக் கட்டாயமாக்குகிறது. தகடு டயரின் அகலத்துக்குக் குறையாமலும், சாலையிலிருந்து 8 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 20 செ.மீ.க்குள் வரும்படியும் தொங்க வேண்டும். பின்னால் இரண்டு டயர்கள் மட்டுமே உள்ள சாதாரண பிக்கப் டிரக் இந்த விதிக்குள் வராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு வாகனங்களும் டிரெய்லர்களும் நீர்த்தெறிப்பைக் கட்டுப்படுத்தும் அமைப்புகளைக் கொண்டிருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. ஆஃப்-ரோடு வாகனம் என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. தாழத் தொங்கும் தகடும் கரடுமுரடான தரையும் ஒத்துப்போகாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்வதன் அடையாளம் இது.

சட்டம் ஏன் இதில் தலையிட வேண்டும் என்று கேட்கலாம். மட் ஃபிளாப்பின் செலவும் தொல்லையும் வண்டிக்காரருக்கு. அதன் நன்மையில் பெரும்பங்கு பின்னால் வரும் முகம் தெரியாத ஒருவருக்கு. தன் பெயிண்ட் போனால் பரவாயில்லை என்று ஒருவர் முடிவெடுக்கலாம். அது அவர் உரிமை. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் முகத்தில் கல் பட்டால் பரவாயில்லை என்று முடிவெடுக்க அவருக்கு உரிமை இல்லை. பொதுச்சாலைக்கு விதி வகுக்கப்படுவது இதனால்தான். சட்டம் விலக்கு அளித்த வண்டியாக இருந்தாலும் இந்தப் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை.

இடைப்பட்ட வழிகள்

போடுவதா, விடுவதா என்ற இரண்டுக்கும் நடுவே பல வழிகள் உள்ளன.

கழற்றி மாட்டும் வகை: பின்பம்பரின் இழுவைக் கொக்கி பொருத்தும் குழாயில் குறுக்குச் சட்டம் மாட்டி, அதில் தகடுகளைத் தொங்கவிடுவது. தடத்தின் வாயிலில் கழற்றி வண்டியில் போட்டுக்கொள்ளலாம். துளையிட வேண்டியதும் இல்லை.

தூக்கிக் கட்டும் வகை: தகட்டின் கீழ்விளிம்பில் ஒரு வளையம் வைத்து, சங்கிலியாலோ கயிற்றாலோ மேலே தூக்கிக் கட்டுவது. தகடு பின்னோக்கி மடிந்து, டயருக்கு எட்டாத இடத்தில் நிற்கும்.

முதலில் விட்டுக்கொடுக்கும் பிடிமானம்: எஃகு போல்ட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கிளிப் அல்லது மெல்லிய திருகு கொண்டு தகட்டைப் பிடிப்பது. தகடு சிக்கினால் கிளிப் உடையும், மட்கார்டு தப்பும். மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே கிளிப் செய்கிறது.

முன்னால் மட்டும்: வண்டியின் பக்கத் தகடே முக்கியம் என்பவர்கள் முன்சக்கரங்களுக்கு மட்டும் சிறிய, மென்மையான தகடுகளைப் பொருத்துகிறார்கள். இது சொந்த வண்டியைக் காக்கும். பின்னால் வருபவரைக் காப்பதில் இதன் பங்கு குறைவு.

தேர்வு செய்பவருக்கு

பயணத்தின் பெரும்பகுதி சரளைச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் என்றால், டிரெய்லர் இழுப்பதாக இருந்தால், அகன்ற டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், நான்கு சக்கரங்களுக்கும் டயரின் முழு அகலத்தையும் மறைக்கும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் தகடுகள் நல்லது. பாறைத் தடங்களே முதன்மை என்றால் கழற்றும் வகையே பொருத்தம். இரண்டும் கலந்த பயணம் என்றால், வளையும் தகடும் முதலில் உடையும் கிளிப்பும் சேர்ந்த அமைப்பு போதுமானது.

பொருத்தும்போது மூன்று சோதனைகளைச் செய்ய வேண்டும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் ஒடித்து, டயர் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியில் சுமை ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் தகடு தரையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தகட்டைக் கையால் முன்னோக்கித் தள்ளி, அது டயரை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டினால் பின்னோக்கி ஓட்டும்போது அது சிக்கும். கீழ்ப்பகுதியை வெட்டிக் குறைக்கவோ பின்னால் தள்ளிப் பொருத்தவோ வேண்டும். துளையிட்ட இடங்களில் துரு தடுக்கும் பெயிண்ட் பூசுவது கட்டாயம். கரடுமுரடான சாலையில் சில நாள்கள் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி முறுக்கிச் சரிபார்க்க வேண்டும். தளர்ந்து நெடுஞ்சாலையில் கழன்று விழும் தகடு, அது தடுக்க வேண்டிய கல்லை விடப் பெரிய ஆபத்து.

பாறைத் தடம் முடிந்து பொதுச்சாலையில் ஏறும்போது, கழற்றிய தகட்டை மறுபடி மாட்டுவதே பலர் மறந்துவிடும் வேலை. டயர் பட்டன்களுக்கு இடையே தடத்தின் கற்கள் நிறைந்திருப்பதும் அந்த நேரத்தில்தான். வேகம் கூடுவதும் அப்போதுதான். தகட்டை மாட்ட ஆகும் சில நிமிடங்களில் பட்டன்களில் சிக்கிய கற்களையும் ஒரு திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டால், பின்னால் வருபவருக்கு வரக்கூடிய ஆபத்தின் பெரும்பகுதி அங்கேயே நீங்கிவிடும்.